அந்த டி3100-ஐ வாங்கலாமா?

கேள்வி இதுதான். தெரிந்தவர் ஒருவர் தன் பழைய நிகான் டி3100 கேமராவை 18-55 கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்ந்தே வரும் சாதாரண ஜூம் லென்ஸ்) விற்கிறார். கூடவே 50மிமீ எஃப் 1.8டி லென்ஸ் ஒன்றையும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார், அதற்கும் சேர்த்துத்தான் விலை. கேட்டவர் இதுவரை போனைத் தவிர வேறு எதிலும் படம் எடுத்ததில்லை. "கேமராவில் 14 மெகாபிக்சல்தான், என் போனிலேயே 50 இருக்கிறது. இவ்வளவு பழையதை வாங்குவது புத்திசாலித்தனமா?" என்கிறார்.

வாங்கலாம். மெகாபிக்சலை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆனால் கொசுறு போலக் கூட வருகிறதே அந்த 50மிமீ, அதைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படுங்கள். அது டி3100-இல் ஆட்டோஃபோகஸ் ஆகாது.

காரணம் எளிது. நிகானின் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. மோட்டார் கேமரா பாடிக்குள் இருக்கும். லென்ஸ் மாட்டும் வளையத்தின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், லென்ஸின் பின்பக்கம் அதற்கேற்ற பிளவோடு ஒரு திருகு இருக்கும். இரண்டும் கோத்துக்கொண்டால் பாடியின் மோட்டார் சுழன்று லென்ஸை ஃபோகஸ் செய்யும். 2006-இல் வந்த டி40-இலிருந்து நிகான் தன் ஆரம்பநிலைக் கேமராக்களில் இந்த மோட்டாரை வைப்பதை நிறுத்திவிட்டது. டி60, டி3000 முதல் டி3500 வரை, டி5000 முதல் டி5600 வரை எதிலும் அது இல்லை. டி90, டி7000 போன்ற அடுத்த படி கேமராக்களில் உண்டு. விற்பவரிடம் போகும்போது லென்ஸைக் கழற்றி அந்த வளையத்தைப் பாருங்கள், குச்சி இருக்காது. பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிற லென்ஸ்களுக்குள் மோட்டார் இருக்கிறது, உங்களுக்கு வேண்டியவை அவைதான்.

அதே 50மிமீயில் இன்னொரு கூத்தும் உண்டு. அதில் அப்பர்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, மாற்றும் வளையம் இருக்கிறது. அதை 22 என்ற எண்ணுக்குத் திருப்பிப் பூட்டி வைக்காவிட்டால் கேமரா எஃப்-இ-இ என்று மூன்று எழுத்துகளைக் காட்டிவிட்டு ஷட்டரை இயக்க மறுக்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்து கேமரா பழுது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வளையத்தைத் திருப்பினால் சரியாகிவிடும்.

அதனால் அந்த லென்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையால் ஃபோகஸ் செய்து பழகலாம், எக்ஸ்போஷர் (படத்துக்கு வேண்டிய வெளிச்சம்) அளப்பதெல்லாம் ஒழுங்காகவே நடக்கும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஃபோகஸ் பொருந்தியதும் ஒரு பச்சைப் புள்ளி எரியும். மெனுவில் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற வசதியை இயக்கினால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையும் காட்டும். அசையாமல் உட்காருகிறவர்களை, பொருட்களை எடுக்க இது போதும். ஓடுகிற குழந்தையை எடுக்க முடியாது. விலை பேசும்போது அதை ஆட்டோஃபோகஸ் லென்ஸ் என்று எண்ணிக் காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். முடிந்தால் அதை விட்டுவிட்டு, மிச்சமாகும் பணத்தை ஏஎஃப்-எஸ் 35மிமீ எஃப் 1.8ஜி டிஎக்ஸ் லென்ஸுக்கு ஒதுக்குங்கள். 2009-இல் இந்த வகைக் கேமராக்களுக்கென்றே வந்தது, செகண்ட் ஹேண்டில் நிறையவே புழங்குகிறது. இந்தக் கேமராவின் சென்சாரில் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) 35மிமீ கிட்டத்தட்ட நம் கண் பார்க்கிற மாதிரியே பார்க்கும். 50மிமீ கொஞ்சம் நெருங்கிப் போய்விடும், சின்ன அறைக்குள் நின்றால் முதுகு சுவரில் இடிக்கும்.

லென்ஸைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இது போன்ற பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கும்போது நீங்கள் உண்மையில் வாங்குவது ஒரு லென்ஸ் குடும்பத்தை. பாடி சில வருடங்களில் கை மாறிவிடும், லென்ஸ்கள் கூடவே தங்கும். படம் போனில் எடுத்ததிலிருந்து வேறாகத் தெரிவதற்கும் லென்ஸ்தான் பெரிய காரணம். கிட் லென்ஸ் 55மிமீயில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறியதானால் துளை பெரிது). எஃப் 1.8 லென்ஸ் அதைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வீட்டுக்குள் ராத்திரி விளக்கில் கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 3200 கேட்கும் இடத்தில், இது 400-க்கும் கீழே எடுத்துவிடும். டி3100-இன் சாதாரண ஐஎஸ்ஓ வரம்பே 3200 வரைதான், அந்த எல்லையில் படம் சொரசொரப்பாக இருக்கும். ஆகவே இருட்டுப் படம் நன்றாக வர வேண்டுமென்றால் புதிய பாடியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு எஃப் 1.8 லென்ஸைத் தேடுங்கள்.

மெகாபிக்சல் கணக்கையும் முடித்துவிடலாம். 50 மெகாபிக்சல் போன்கள் பெரும்பாலும் நான்கு நான்கு பிக்சல்களைச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் உங்களுக்குத் தருகின்றன. டி3100 தருவது 4608-க்கு 3072 பிக்சல். 4கே டிவியில் தெரிவது 3840-க்கு 2160. ஏ4 தாளில் 300 டிபிஐ-யில் அச்சடிக்க 3508-க்கு 2480 போதும். மிச்சம் வைத்துக்கொண்டே எடுக்கலாம். சென்சாரின் பரப்பு 23.1-க்கு 15.4 மில்லிமீட்டர், எந்த சாதாரண போனின் சென்சாரும் இதற்குப் பக்கத்தில் வராது.

ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வாங்கிய முதல் வாரம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். போன் ஒரு படத்துக்குப் பல படங்களை எடுத்துச் சேர்த்து, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, நிறத்தைக் கூட்டிக் கையில் கொடுக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர் அதில் எதையும் செய்யாது. ஆட்டோவில் வைத்து கிட் லென்ஸால் எடுத்தால் அந்தி நேரப் படம் போனில் எடுத்ததைவிட மட்டமாகவே வரலாம். அந்த வித்தியாசம் தலைகீழாக மாறுவது நீங்கள் அப்பர்சரையும் ஷட்டர் வேகத்தையும் கையில் எடுத்துக்கொண்ட பிறகு, ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) எடுத்துக் கணினியில் திருத்தப் பழகிய பிறகு. அதற்குப் பொறுமை இல்லை, குடும்பப் படம் பளிச்சென்று வந்தால் போதும் என்றால் இந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். முக்கியமாக வீடியோதான் வேண்டும் என்றாலும் இது வேண்டாம். டி3100-இல் முழு எச்டி வீடியோ உண்டு, ஆனால் 24 ஃப்ரேம் மட்டும், ஒரு துண்டு 10 நிமிடத்தோடு நின்றுவிடும், ஃபோகஸ் தடுமாறும், வெளி மைக் மாட்டவும் வழியில்லை. உங்கள் போனே மேல்.

சரி, கற்றுக்கொள்ளத்தான் என்றால் இது நல்ல கேமரா. மோடு டயலில் கைடு என்றே ஒரு இடம் இருக்கிறது. பின்னணியை மங்கலாக்க வேண்டுமா, ஓட்டத்தை உறைய வைக்க வேண்டுமா என்று கேட்டு அதற்கேற்ற அமைப்புக்கு அழைத்துப் போகும். கொஞ்ச நாளில் அலுத்துவிடும், ஆனால் முதல் சில நாட்களுக்கு உதவும். அப்புறம் 'ஏ' என்ற அப்பர்சர் மோடுக்கு மாறி அங்கேயே தங்கிவிடுங்கள். கை வைக்கும் டயல் ஒன்றுதான் இருக்கிறது, முழு மேனுவலில் அப்பர்சரை மாற்ற இன்னொரு பட்டனையும் சேர்த்து அமுக்க வேண்டும். வியூஃபைண்டர் சட்டகத்தில் 95 சதவீதத்தை மட்டும் காட்டும், அதனால் ஓரத்தில் நீங்கள் பார்க்காத ஒரு கம்பமோ கையோ படத்தில் வந்து நிற்கும். பின்திரை 2010 காலத்துத் திரை, அதில் எல்லாப் படமும் கூர்மையாகத் தெரியும். பெரிதாக்கிப் பார்க்காமல் ஃபோகஸ் சரி என்று நம்பாதீர்கள்.

இப்போது நேரில் போய்ப் பார்ப்பது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, இது காசு கொடுத்து வாங்குவது. கூச்சப்படாமல் பாருங்கள். உங்கள் சொந்த எஸ்டி கார்டு ஒன்றும், ஒரு சின்ன டார்ச்சும் எடுத்துப் போங்கள்.

முதலில் லென்ஸ். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். நிகான் லென்ஸின் பின்புறம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதை விரலால் தள்ளிப் பிடித்தால் அப்பர்சர் திறக்கும். உள்ளே மரத்தின் வேர் மாதிரியோ சிலந்தி வலை மாதிரியோ நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பனி படிந்தது போல ஒரு மங்கல் சமமாகப் பரவியிருந்தாலும் வேண்டாம், வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போது படம் வெளிறிப்போகும். உள்ளே நாலைந்து தூசி இருப்பது சகஜம், படத்தில் தெரியவே தெரியாது. முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்றும் அப்படித்தான், ஆனால் அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். பின்கண்ணாடியில் கீறல் என்றால் யோசியுங்கள். அந்த நெம்புகோலை விட்டதும் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் இதழ்களில் எண்ணெய் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், படங்கள் வேண்டியதைவிட வெளிச்சமாக வரும். கிட் லென்ஸை 18-இலிருந்து 55 வரை திருப்பி நாலைந்து இடத்தில் நிறுத்தி நிறுத்தி ஃபோகஸ் செய்து எடுங்கள். ஏதாவது ஓரிடத்தில் மட்டும் பிழை காட்டினாலும் உள்ளே இருக்கும் நாடா கேபிள் அறுந்துகொண்டிருக்கலாம். லென்ஸின் மேல் விஆர் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாத 18-55-களும் உண்டு, அவற்றுக்குக் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி கிடையாது.

அப்புறம் சென்சார். அப்பர்சர் மோடில் எஃப் 22 வைத்து, ஐஎஸ்ஓ 100, ஃபோகஸைக் கையால் கலைத்துவிட்டு, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுங்கள். கேமரா ஆடினாலும் பரவாயில்லை, சுவர்தான் கலங்கும், சென்சாரில் ஒட்டியிருப்பது நின்ற இடத்திலேயே விழும். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்திப் பாருங்கள். விளிம்பு மங்கிய சாம்பல் வட்டங்கள் தூசி. ஊதுபந்தால் ஊதினாலே பாதி போய்விடும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறித்தால் அது தூசியைவிட மோசம். விளிம்பு கூர்மையான கோடு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வந்தால் அது கீறலாக இருக்கலாம், அந்தக் கேமராவை வாங்காதீர்கள். வியூஃபைண்டர் வழியே பார்க்கும்போது கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவற்றுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை, அவை மேலே ஃபோகஸிங் திரையில் இருப்பவை. அதைத் துடைக்கிறேன் என்று உள்ளே விரலையோ துணியையோ விடாதீர்கள், கண்ணாடியின் மேல் பூச்சு போய்விடும்.

வியூஃபைண்டரில் எல்லாமே மங்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பார்வைக்கேற்பத் திருத்த ஒரு சின்ன அமைப்பு இருக்கும். முந்தைய உரிமையாளரின் கண்ணுக்கேற்ப வைத்திருப்பார். உள்ளே தெரியும் எண்கள் தெளியும்வரை நகர்த்திக்கொள்ளுங்கள். எழுத்து தெளிந்த பிறகும் காட்சி மங்கலாக இருந்தால்தான் ஃபோகஸ் பிரச்சினை.

ஃபோகஸைச் சோதிக்க ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்துச் சாய்வாக நின்றுகொண்டு, நடுப் புள்ளியை ஒரு தலைப்பின் மேல் வைத்து, லென்ஸை முழுதாகத் திறந்து எடுங்கள். கூர்மையாக வந்திருப்பது அந்தத் தலைப்பா, அதற்கு முன்வரியா, பின்வரியா? எப்போதும் ஒரே பக்கம் தள்ளி வருகிறதென்றால் சிக்கல், இந்த வகைக் கேமராக்களில் அதைத் திருத்த மெனுவில் வழி கிடையாது. ஒரே ஒரு படத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாமல் நாலைந்து முறை எடுத்துப் பாருங்கள்.

ஷட்டர் கவுண்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நிகான் கேமரா தான் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதுவரை எத்தனை முறை ஷட்டர் இயங்கியது என்பதை எழுதி வைக்கும். விற்பவரிடம் புதிதாக ஒரு ஜேபெக் எடுத்து, திருத்தாமல், வாட்ஸ்அப்பில் சுருக்காமல் கோப்பாக அனுப்பச் சொன்னால் எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருளால் பார்த்துவிடலாம். பெரும்பாலான கேனான் ஆரம்பநிலைக் கேமராக்கள் படத்தில் இதை எழுதுவதில்லை, யுஎஸ்பி கேபிள் மாட்டித் தனி மென்பொருளில்தான் படிக்க வேண்டும். இந்த வகை ஷட்டர்களுக்கு ஒரு லட்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைத் தாண்டியும் ஓடுவது உண்டு, பாதியில் நிற்பதும் உண்டு. என்னைக் கேட்டால் 8,000 முறை இயங்கி ஈரமான அலமாரியில் பல வருடம் கிடந்த கேமராவைவிட 40,000 முறை இயங்கி போன வாரம்வரை உபயோகத்தில் இருந்ததைத்தான் எடுப்பேன். முன்னதற்கு ஷட்டர் புதிதாக இருக்கும், லென்ஸில் பூஞ்சை இருக்கும், கைப்பிடி ரப்பர் பிசுபிசுக்கும், பேட்டரி உப்பியிருக்கும்.

மற்ற கேமராக்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் கேனானைச் சொல்வேன், காரணம் மறுபடியும் லென்ஸ்தான். 1987-இல் இஎஃப் வரிசையைத் தொடங்கியபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். அதனால் 1990-இல் வந்த 50மிமீ எஃப் 1.8 கூட எந்த ஆரம்பநிலை கேனான் டிஎஸ்எல்ஆரிலும் தானாக ஃபோகஸ் ஆகும். செகண்ட் ஹேண்டில் லென்ஸ் தேடுகிற புதியவருக்குத் தலைவலி குறைவு. 550டி, 600டி, 650டி, 700டி நான்கும் 18 மெகாபிக்சல், படத்தின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல நிலையில் மலிவாகக் கிடைப்பதை எடுக்கலாம். திருப்பும் திரை வேண்டுமென்றால் 600டி-இலிருந்து, தொடுதிரை வேண்டுமென்றால் 650டி-இலிருந்து. 350டி, 400டி வேண்டாம். அவை காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டில் ஓடுபவை, கார்டும் ரீடரும் தேடி அலைய வேண்டும்.

நிகானிலேயே கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் டி5100-இன் சென்சார் இருட்டில் டி3100-ஐவிடத் தெளிவாக நல்லது. டி3200-இல் 24 மெகாபிக்சல். ஆனால் இந்த மூன்றிலுமே ஏஎஃப்-பி என்ற புதிய வகை லென்ஸ்கள் வேலை செய்யாது, கையால்கூட ஃபோகஸ் செய்ய முடியாது. புதிய 18-55 ஒன்றை மலிவாகப் பார்த்து வாங்கிவிட்டு இதில் மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். பெயரில் எஸ்-ஆ பி-யா என்று ஒரு எழுத்தைப் பார்த்தால் தப்பித்துவிடலாம்.

பென்டாக்ஸ் நல்ல கேமராக்கள்தான், பாடியிலேயே நடுக்கத் தடுப்பு உண்டு. ஆனால் கே-30, கே-50 இரண்டிலும் அப்பர்சரை இயக்கும் பாகம் கெட்டுப் படங்கள் கறுப்பாக வருவது பரவலாகத் தெரிந்த நோய், சோதிக்காமல் வாங்காதீர்கள். ஒலிம்பஸின் பழைய ஃபோர் தர்ட்ஸ் டிஎஸ்எல்ஆர்களை முதல் கேமராவாகத் தொட வேண்டாம், அந்த லென்ஸ் வரிசை முடிந்துபோன கதை.

கடைசியாக, பேட்டரி. டி3100-க்கு ஈஎன்-ஈஎல்14. புதிதாக வந்த 14ஏ பேட்டரியும் பொருந்தும், ஆனால் கேமராவின் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) பழையதாக இருந்தால் ஏற்காது, நிகான் தளத்திலிருந்து இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். மாற்று நிறுவன பேட்டரி சில அப்படிப் புதுப்பித்த பிறகு வேலை செய்வதை நிறுத்திவிடும், அதனால் அவர் தருவது எந்த பேட்டரி என்று கழற்றிப் பார்த்துவிடுங்கள். யுஎஸ்பி கேபிளால் இந்தக் கேமராவை சார்ஜ் செய்ய முடியாது. சார்ஜர் தொலைந்துவிட்டது என்று அவர் சொன்னால், புது சார்ஜரின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.